வீட்டு வலையமைப்பில் பகிரப்படும் கோப்புகள்: யாருக்கு எவ்வளவு அனுமதி? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழேயுள்ள விடைகள் ஒரு கற்பனை வீட்டை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. தெஹிவளையில், பின்புறம் அனெக்ஸுடன் கூடிய ஒரு வீடு. தந்தை தமது புறக்கோட்டைக் கடையின் கணக்குகளை வீட்டு மேசைக் கணினியில் வைத்திருக்கிறார். தாய் மாலை நேரத்தில் டியூஷன் வகுப்பு நடத்துகிறார். மகள் உயர்தரம் படிக்கிறாள். மகனுக்குப் பதினொரு வயது. அம்மம்மாவுக்குக் குடும்பப் படங்களைத் தொலைக்காட்சியில் பார்க்க வேண்டும். அனெக்ஸில் வாடகைக்கு இருக்கும் இளைஞருக்கும் அதே ரூட்டர்தான், அதே வைஃபைதான். விடைகள் விண்டோஸ் 10, விண்டோஸ் 11 ஆகியவற்றை முதன்மையாகக் கொண்டவை. மாக், லினக்ஸ் பற்றித் தனியே சொல்லப்பட்டிருக்கிறது.

வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் நம்மவர்கள்தானே, கட்டுப்பாடு எதற்கு?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் இரகசியத்தை மட்டுமே நினைத்துக் கேட்கிறார்கள். தந்தையின் கடைக்கணக்கை மகள் பார்த்துவிட்டால் என்ன குடி முழுகிப் போய்விடும் என்பது நியாயமான வாதம்தான். ஆனால் வீடுகளில் கோப்புகள் பறிபோவது யாரோ படித்துவிட்டதால் அன்று. யாரோ அழித்துவிட்டதாலோ, மேலெழுதிவிட்டதாலோ, வேறு கோப்புறைக்குள் இழுத்துப் போட்டுவிட்டதாலோதான். வலையமைப்பு வழியாக இன்னொரு கணினியிலுள்ள கோப்பை அழிக்கும்போது அது சாதாரணமாக எந்தக் கணினியின் குப்பைத்தொட்டிக்குள்ளும் செல்வதில்லை, உடனேயே நீங்கிவிடுகிறது. மகன் தன் விளையாட்டுக்கு இடம் தேடி, பெரிதாகத் தெரிந்த ஒரு கோப்புறையை நீக்கிவிட்டால், மீட்பதற்குக் காப்புப்பிரதி ஒன்றே வழி.

ஆகவே ஒவ்வொரு கோப்புறைக்கும் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்க வேண்டும்: இதை யார் பார்க்கலாம், இதை யார் மாற்றலாம். முதலாவதில் தாராளமாக இருக்கலாம். இரண்டாவதில் கருமித்தனமே நல்லது. நாம் எண்ணிய வீட்டில் குடும்பப் படங்களை எல்லோரும் பார்க்கலாம், ஆனால் அவற்றை ஒழுங்குபடுத்தும் தாய்க்கு மட்டும் மாற்றும் உரிமை போதும். கடந்தகால வினாத்தாள்களை மகளும் மகனும் படிக்கலாம், தாய் மட்டும் சேர்க்கலாம். கடைக்கணக்கைத் தந்தையைத் தவிர வேறெவரும் திறக்க வேண்டியதில்லை. மூன்று கோப்புறைகள், மூன்று வெவ்வேறு விடைகள். இதைக் கணினியைத் தொடுவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதிவைப்பவர்களுக்கு மீதி வேலை அரைமணி நேரத்தில் முடிந்துவிடும்.

விண்டோஸ் ஒரே கோப்புறைக்கு இரண்டு இடங்களில் அனுமதி கேட்கிறது. எது செல்லும்?

இரண்டும் செல்லும், இரண்டில் எது இறுக்கமானதோ அதுவே நடைமுறைக்கு வரும். குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு விதியை அறியாததால் வருபவை என்பதால் இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

கோப்புறையின் பண்புகளைத் திறந்தால் 'ஷேரிங்', 'செக்யூரிட்டி' என இரண்டு தாவல்கள் தெரியும். முதலாவது, வலையமைப்பு வழியாக வருபவர்களுக்கு மட்டும் உரிய பகிர்வு அனுமதி. அதில் மூன்றே படிகள் உண்டு: படித்தல், மாற்றுதல், முழுக் கட்டுப்பாடு. இரண்டாவது, வன்தட்டின் என்.டி.எஃப்.எஸ். கோப்புமுறைமை வைத்திருக்கும் அனுமதி. அது வலையமைப்பு வழியாக வருபவருக்கும் அந்தக் கணினியின் முன்னாலேயே அமர்ந்திருப்பவருக்கும் பொருந்தும். அதன் படிகளும் அதிகம். வீட்டு வளவின் கேற்றையும் உள்ளேயிருக்கும் அறைக்கதவையும் நினைத்துக்கொள்ளுங்கள்: வெளியிலிருந்து வருபவர் இரண்டையும் தாண்ட வேண்டும், உள்ளே இருப்பவருக்கு அறைக்கதவு மட்டுமே தடை.

ஓர் எடுத்துக்காட்டு. வினாத்தாள் கோப்புறையில் பகிர்வு அனுமதி எல்லோருக்கும் முழுக் கட்டுப்பாடு என்றும், செக்யூரிட்டியில் மகளுக்குப் படித்தல் மட்டும் என்றும் இருந்தால், மகளால் படிக்க மட்டுமே முடியும். மாறாக, செக்யூரிட்டியில் தாய்க்கு மாற்றும் உரிமை இருந்து, பகிர்வில் படித்தல் மட்டும் இருந்தால், தாய் மேசைக் கணினியில் அமர்ந்து கோப்பைச் சேர்க்கலாம், ஆனால் தமது மடிக்கணினியிலிருந்து சேர்க்க முடியாது. "நேற்று முடிந்தது, இன்று முடியவில்லை" என்ற முறைப்பாட்டின் பின்னால் பலமுறை இருப்பது இதுதான்: நேற்று அவர் வேறு கணினியில் இருந்தார்.

வீட்டுக்கு நான் பரிந்துரைப்பது, பகிர்வு அனுமதியைச் சற்றுத் தளர்வாக வைத்துவிட்டு, நுணுக்கமான பிரிப்புகளை எல்லாம் செக்யூரிட்டித் தாவலில் செய்வதே. இரண்டு இடத்திலும் நுணுக்கம் பார்த்தால் ஆறு மாதம் கழித்து அதை அமைத்தவருக்கே விளங்காது. 'கிவ் அக்சஸ் டு' என்ற சுருக்கவழி இந்த முறையிலேயே இயங்குகிறது: பகிர்வு அனுமதியை விரியத் திறந்துவிட்டு, தேர்ந்தெடுத்த ஆட்களுக்குரிய உரிமையைச் செக்யூரிட்டியில் எழுதிவிடும். 'அட்வான்ஸ்ட் ஷேரிங்' வழியாகச் சென்றாலோ செக்யூரிட்டியை அது தொடுவதில்லை. பகிர்வில் எல்லோருக்கும் படித்தல் என்று மட்டும் வைக்கும். ஒரே கோப்புறைக்கு இரண்டு வழிகளையும் மாறி மாறிப் பயன்படுத்தாதீர்கள்.

தந்தை ஒரு கோப்பைப் பொதுக் கோப்புறைக்குள் போட்டார். மற்றவர்களால் திறக்க முடியவில்லை. ஏன்?

அவர் அதை நகலெடுக்காமல் நகர்த்தியிருப்பார். ஒரே வன்தட்டுப் பகுதிக்குள் நகர்த்தப்படும் கோப்பு பழைய இடத்து அனுமதிகளைத் தன்னுடனேயே கொண்டுவரும். நகலெடுக்கப்படும் கோப்பு புதிய இடத்தின் அனுமதிகளை ஏற்றுக்கொள்ளும். இதன் மறுபக்கம் ஆபத்தானது: பொதுக் கோப்புறையிலிருந்து தனிப்பட்ட கோப்புறைக்கு நகர்த்தப்பட்ட காணி உறுதியின் ஸ்கேன் பிரதி, இடம் மாறிய பின்னும் எல்லோருக்கும் திறந்தே இருக்கலாம். ஐயம் இருந்தால் நகலெடுத்துவிட்டுப் பழையதை அழியுங்கள்.

'எவரிவன்' என்ற குழுவை நீக்கிவிட வேண்டுமா?

செக்யூரிட்டித் தாவலில் அது இருந்தால், நீக்கிவிட்டு ஆட்களையோ குழுக்களையோ பெயர் சொல்லிச் சேருங்கள். ஆனால் 'எவரிவன்' குழுவுக்கு 'டினை' என்று தடை போடாதீர்கள். தடை பொதுவாக அனுமதியை வென்றுவிடும். எல்லோருக்கும் என்றால் அதில் நீங்களும் அடக்கம். ஒருவருக்கு உரிமை வேண்டாம் என்றால் அவர் பெயரைச் சேர்க்காமல் விடுவதே போதும்; தடை என்னும் கருவி வீட்டுக்குத் தேவைப்படுவது மிக அரிது.

கைபேசியும் மடிக்கணினியும் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கேட்கின்றன. எதைக் கொடுப்பது?

கோப்புகள் இருக்கும் கணினியிலுள்ள கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுக்க வேண்டும். கையிலிருக்கும் சாதனத்தின் கடவுச்சொல்லை அன்று. இங்கே மூன்று பொறிகள் உண்டு. முதலாவது, கணினியைத் திறக்கப் பயன்படும் 'பின்' (PIN) என்ற இரகசிய இலக்கம் அந்தச் சாதனத்துக்கு மட்டுமே உரியது. வலையமைப்பு வழியாக அது செல்லாது. மைக்ரோசொஃப்ட் கணக்கால் உள்நுழைபவர்கள் அந்தக் கணக்கின் மின்னஞ்சல் முகவரியையும் முழுக் கடவுச்சொல்லையும் தர வேண்டும். பின் இலக்கத்திலேயே பழகிப்போனவர்களில் பலர் அந்தக் கடவுச்சொல்லை மறந்திருப்பார்கள். இரண்டாவது, கடவுச்சொல்லே இல்லாத கணக்கால் வலையமைப்பு வழியாக நுழைய விண்டோஸ் இயல்பாகவே அனுமதிப்பதில்லை. மூன்றாவது, ஒரே கணினியிலிருந்து ஒரே நேரத்தில் இரண்டு வெவ்வேறு பெயர்களால் ஒரே பகிர்வுக் கணினியுடன் இணைய முடியாது; முன்பு சேமித்த பெயர் 'கிரெடென்ஷியல் மேனேஜர்' பகுதியில் தங்கியிருந்தால் அதை நீக்கிவிட்டுத்தான் புதிய பெயரால் நுழையலாம்.

இந்தத் தொல்லைகளைத் தவிர்க்க எளிய வழி, மேசைக் கணினியில் வீட்டார் ஒவ்வொருவருக்கும் கடவுச்சொல்லுடன் கூடிய, அந்தக் கணினிக்கு மட்டும் உரிய உள்ளகக் கணக்கு ஒன்றை நிர்வாகி உரிமை இல்லாமல் உருவாக்குவது. பயனர்பெயரை ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வையுங்கள். தொலைக்காட்சியின் ரிமோட்டால் தட்டச்சு செய்ய நேரும்போது அதன் அருமை தெரியும். குடும்பம் முழுவதற்கும் ஒரே கணக்கு என்பது வசதியாகத் தோன்றினாலும், அப்படிச் செய்தால் மேலே சொன்ன பிரிப்பு எதுவும் சாத்தியமில்லை.

பகிர்வுக்குக் கடவுச்சொல் கேட்கும் 'பாஸ்வேர்ட் புரொடெக்டட் ஷேரிங்' என்பதை நிறுத்திவிட்டால் எளிதாகிவிடும் என்கிறார்களே?

எளிதாகும், வலையமைப்புக்குள் வந்த எவருக்கும். மேலும் விண்டோஸ் 11 இன் 24எச்2 பதிப்பில், புரோ வகையில், கடவுச்சொல்லற்ற விருந்தினர் இணைப்பு இயல்பாகவே மறுக்கப்படுகிறது. புதிய மடிக்கணினி வாங்கியதும், ரூட்டருடன் இணைத்து எல்லோரும் பயன்படுத்தும் பழைய வலையமைப்பு வன்தட்டுப் பெட்டியைத் திறக்க முடியவில்லை என்று சிலர் திகைப்பது இதனால்தான். பாதுகாப்பைத் தளர்த்தும் வழிகளைத் தேடுவதைவிட, அந்தப் பெட்டியில் ஒரு கணக்கை உருவாக்குவது குறைந்த வேலை.

பெயரின் இறுதியில் $ குறியிட்டால் பகிர்வு மறைந்துவிடும் என்பது உண்மையா?

பட்டியலில் தெரியாது. பெயரை அறிந்தவர் தட்டச்சு செய்தால் திறக்கும். கண்ணில் படாமல் வைக்க உதவும். பாதுகாப்பாகக் கொள்ளக் கூடாது.

அனெக்ஸில் இருப்பவரும் வந்து போகும் உறவினரும் அதே வைஃபையைப் பயன்படுத்துகிறார்கள். என்ன செய்யலாம்?

ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் விருந்தினர் வைஃபை என்ற வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதில் இணைபவர்களுக்கு இணையம் மட்டும் கிடைக்கும். வீட்டுக் கணினிகள் தெரியாதபடி பிரிக்கப்பட்டிருக்கும். சில ரூட்டர்களில் உள்ளக வலையமைப்பை அணுக விடலாமா என்று ஒரு தனித் தெரிவு இருக்கும். அது அணைக்கப்பட்டிருக்க வேண்டும். பிறகு அனெக்ஸில் இருப்பவருக்கு விருந்தினர் கடவுச்சொல்லைக் கொடுத்து, வீட்டு வைஃபையின் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். அவரிடம் இதை நேரடியாகவே சொல்லிவிடலாம், அவருடைய மடிக்கணினியும் இனி உங்கள் வீட்டாரின் கண்ணுக்குத் தெரியாது என்பதால் அவருக்கும் இது நன்மைதான்.

அந்த வசதி இல்லாத ரூட்டர் என்றால் இரண்டாவது ரூட்டர் ஒன்றை வாங்கி, அதன் பின்னால் வீட்டுக் கணினிகளை வைத்துவிட்டு, முன்னாலுள்ள பழைய ரூட்டரை அனெக்ஸுக்கும் விருந்தினருக்கும் விடலாம். வரிசை முக்கியம்: பின்னால் இருப்பவர்களால் முன்னால் இருப்பவர்களை அடைய முடியும், மறுபுறம் முடியாது. எந்த ரூட்டராக இருந்தாலும், பொத்தானை அழுத்தியோ எட்டு இலக்க எண்ணாலோ இணைய வைக்கும் டபிள்யூ.பி.எஸ். வசதியை அணைத்துவிடுங்கள், அந்த எண்முறையின் பலவீனம் 2011 இலேயே வெளிப்படுத்தப்பட்டுவிட்டது. ரூட்டரின் அடியில் ஒட்டப்பட்டிருக்கும் நிர்வாகக் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள்.

ரூட்டரின் யூ.எஸ்.பி. துளையில் வன்தட்டைச் செருகினால் போதாதா?

பாட்டும் படமும் வைக்கப் போதும். பல ரூட்டர்களில் எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல்தான், சிலவற்றில் அதுவும் இல்லை, பழையவை, விண்டோஸ் பகிர்வுக்கு அடிப்படையான எஸ்.எம்.பி. நெறிமுறையின் பாதுகாப்புக் குறைந்த முதற்பதிப்பை மட்டுமே அறியும். கடைக்கணக்கை அங்கே வைக்காதீர்கள்.

அம்மம்மா தொலைக்காட்சியில் படம் பார்ப்பதற்கு என்ன ஏற்பாடு?

தொலைக்காட்சிகள் பெரும்பாலும் டி.எல்.என்.ஏ. என்ற முறையில் படங்களைத் தேடி எடுக்கின்றன. அம்முறை பயனர்பெயரோ கடவுச்சொல்லோ கேட்பதில்லை. இன்ன சாதனத்துக்குக் காட்டலாம், இன்னதற்கு வேண்டாம் என்று மட்டுமே பிரிக்க முடியும். செக்யூரிட்டித் தாவலில் நீங்கள் கவனமாக எழுதிய அனுமதிகளை அது பொருட்படுத்தாது, ஏனெனில் கோப்பைப் படிப்பது கணினியிலேயே இயங்கும் ஒரு சேவை. கேட்பவர் யார் என்பது அதற்குத் தெரியாது. ஆகவே தொலைக்காட்சிக்கென்றே ஒரு கோப்புறையை ஒதுக்கி, எவர் பார்த்தாலும் பாதகமில்லாத படங்களின் பிரதிகளை மட்டும் அதில் இட்டு, அந்த ஒன்றை மட்டும் ஊடகச் சேவையிடம் ஒப்படையுங்கள். முழுப் படக்கோப்புறையையும் திறந்துவிட்டால், அதற்குள் யாரோ எப்போதோ எடுத்துவைத்த தேசிய அடையாள அட்டையின் படமும் பெரிய திரையில் வந்து நிற்கும்.

மாக், லினக்ஸ் கணினிகளில் எப்படி?

அடிப்படை ஒன்றே. மாக் கணினியில் 'ஷேரிங்' அமைப்புக்குள் கோப்புப் பகிர்வைத் திறந்து, கோப்புறைக்குக் கோப்புறை, ஆளுக்கு ஆள் படித்தலா எழுதுதலா என்று குறிக்கலாம். விண்டோஸிலிருந்து நுழைய வேண்டியவரின் கணக்கை அங்கேயே தனியாகத் தெரிவுசெய்ய வேண்டியிருக்கும். நிர்வாகிக் கணக்கால் நுழைபவருக்குப் பகிரப்பட்ட கோப்புறைகள் மட்டுமன்றி முழு வன்தட்டும் கிடைக்கும் என்பதைக் கவனியுங்கள்.

லினக்ஸில் இந்த வேலையைச் செய்வது சம்பா என்ற மென்பொருள். ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் 1992 இல் தொடங்கியது. விலைக்கு வாங்கும் வலையமைப்பு வன்தட்டுப் பெட்டிகள் பலவற்றினுள்ளும் இயங்குவது இதுவே. சம்பாவின் அமைப்புக் கோப்பில் 'வெலிட் யூசர்ஸ்' என்ற வரியில் நுழையக்கூடியவர்களையும், 'ரைட் லிஸ்ட்' என்ற வரியில் எழுதக்கூடியவர்களையும் குறிக்கலாம். சம்பாவுக்குத் தனிக் கடவுச்சொல் பட்டியல் உண்டு. லினக்ஸில் கணக்கு இருந்தால் மட்டும் போதாது. இங்கும் வாசல்கள் இரண்டு: சம்பா அனுமதித்தாலும் கோப்புமுறைமை மறுத்தால் மறுப்பே.

வெளிநாட்டிலுள்ள அண்ணனும் இந்தப் படங்களைப் பார்க்க வேண்டும். ரூட்டரில் வழி திறக்கலாமா?

வேண்டாம். லண்டனிலோ ரொறன்ரோவிலோ ஒருவராவது இல்லாத கொழும்புத் தமிழ்க் குடும்பம் அரிது என்பதால் இந்தக் கேள்வி எப்படியும் வந்துவிடும். விண்டோஸ் பகிர்வு இயங்கும் 445 ஆம் போர்ட் என்ற இணைப்பு வாயிலை இணையத்துக்குத் திறப்பது, உலகம் முழுவதற்கும் கதவைத் திறப்பதாகும். 2017 மே மாதத்தில் பரவிய வானாகிரை என்ற பணயத் தீநிரல் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல்) இந்தப் போர்ட் வழியாகவே, எஸ்.எம்.பி. முதற்பதிப்பிலிருந்த ஓட்டையைப் பயன்படுத்தி, கணினிக்குக் கணினி தாவியது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசொஃப்ட் அதற்கு முன்பே, அவ்வாண்டு மார்ச்சில் வெளியிட்டிருந்தது. வலையமைப்பு வன்தட்டுப் பெட்டிகளும் விலக்கல்ல: இணையத்தை நோக்கித் திறந்திருந்த கியூநாப் நிறுவனப் பெட்டிகளை 2021 இல் கியூலாக்கர், 2022 இல் டெட்போல்ட் ஆகிய தீநிரல்கள் பூட்டிப் பணம் கேட்டன.

அண்ணனுக்கு வேண்டியது நூறு இருநூறு படங்கள் என்றால் மேகச் சேமிப்பில் ஒரு தொகுப்பாக ஏற்றி, அவர் மின்னஞ்சலுக்கு மட்டும் அனுமதி கொடுத்துவிடுங்கள். வீட்டுக் கணினியையே அவர் அடைய வேண்டும் என்றால், வயர்கார்ட் போன்ற மெய்நிகர் தனியார் வலையமைப்பு (வி.பி.என்.) ஒன்றை ரூட்டரிலோ பெட்டியிலோ அமைத்து, அதற்குள் வந்த பின்னரும் அவருக்கென ஒரு கணக்கும் படிக்கும் உரிமையும் மட்டும் வையுங்கள்.

பணயத் தீநிரல் வந்துவிட்டால் அனுமதிகள் காப்பாற்றுமா?

ஓரளவுக்கு, எழுதும் உரிமையைச் சுருக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். மகனின் மடிக்கணினியில் திருட்டு விளையாட்டுடன் சேர்ந்து ஒரு தீநிரல் வந்தால், அது மகனின் பெயரால்தான் இயங்கும். மகனால் எழுதக்கூடிய பகிர்வுகளையே அதனாலும் மறைகுறியாக்க, அதாவது சாவியின்றிப் படிக்க முடியாதபடி பூட்ட, முடியும். அவனுக்குப் படிக்க மட்டுமே உரிமையுள்ள வினாத்தாள்களும், அவன் திறக்கவே முடியாத கடைக்கணக்கும் தப்பிவிடும். எல்லோருக்கும் முழுக் கட்டுப்பாடு என்று விட்டிருந்த வீட்டில் எதுவும் மிஞ்சாது.

தந்தையின் கணினியே தாக்கப்பட்டால் அனுமதிகளால் பயனில்லை. அதற்குக் காப்புப்பிரதி வேண்டும். அதுவும் அன்றாடம் பயன்படுத்தும் எந்தக் கணக்கும் எழுத முடியாத இடத்தில், அல்லது பிரதி எடுத்தவுடன் கழற்றி அலுமாரியில் வைக்கும் வன்தட்டில். எப்போதும் செருகியே இருக்கும் காப்பு வன்தட்டு மூலக்கோப்புகளோடு சேர்ந்தே பூட்டப்பட்டுவிடும். விண்டோஸ் 10 க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது என்பதையும் மறக்க வேண்டாம். கோப்புகளைத் தாங்கி நிற்கும் கணினியே திருத்தம் பெறாத கணினியாக இருப்பது நல்லதல்ல.

கணினியைப் பழுதுபார்க்கக் கொடுக்கும்போது இந்த அனுமதிகள் கோப்புகளைக் காக்குமா?

காக்காது. வன்தட்டைக் கழற்றி வேறு கணினியில் பொருத்தினால் அதன் நிர்வாகி எல்லா அனுமதிகளையும் தமதாக்கிக்கொள்ளலாம். அதற்குத் தடை முழுவன்தட்டு மறைகுறியாக்கமே: புரோ வகையில் பிட்லாக்கர், ஹோம் வகையில் பொருத்தமான கணினிகளுக்கு 'டிவைஸ் என்கிரிப்ஷன்'. மீட்புச் சாவியை அதே கணினிக்குள் சேமித்துவைக்காதீர்கள்.

புதிய ரூட்டர் வந்த பிறகு பகிர்வு வேலை செய்யவில்லை. அனுமதிகள் அழிந்துவிட்டனவா?

இல்லை. விண்டோஸ் அதைப் புதிய வலையமைப்பாகக் கருதிப் 'பப்ளிக்' வகையில் சேர்த்திருக்கும். அவ்வகையில் பகிர்வு இயல்பாக அணைக்கப்பட்டிருக்கும். வீட்டு வலையமைப்பை மட்டும் 'பிரைவேட்' ஆக்குங்கள். கோப்பிக் கடையின் வைஃபைக்கு அதைச் செய்யாதீர்கள். மின்வெட்டுக்குப் பின் மட்டும் இணைப்பு காணாமற் போகிறதென்றால், வலையமைப்பில் மேசைக் கணினியை அடையாளம் காட்டும் எண்ணான ஐ.பி. முகவரி மாறியிருக்கலாம், ரூட்டரில் அதற்கு ஒரு நிலையான முகவரியை ஒதுக்கிவிடுங்கள்.

ஒருவர் வீட்டைவிட்டுப் போனால் அவர் கணக்கை என்ன செய்வது?

உடனே அழிக்க வேண்டாம், முதலில் முடக்கிவையுங்கள். விண்டோஸ் அனுமதிகளைப் பெயரால் அல்லாமல் உள்ளார்ந்த ஓர் அடையாள எண்ணால் நினைவில் வைத்திருக்கிறது. கணக்கை அழித்துவிட்டு அதே பெயரில் மீண்டும் உருவாக்கினாலும் அது புதியவராகவே கருதப்படும், பழைய உரிமைகள் திரும்பா. செக்யூரிட்டித் தாவலில் ஒரு பெயருக்குப் பதிலாக நீண்ட எண் வரிசை தெரிந்தால், அது அழிக்கப்பட்ட ஒரு கணக்கின் எச்சம். மேற்படிப்புக்காகப் போன மகள் விடுமுறைக்குத் திரும்பி வருவாள். அனெக்ஸ்காரர் வரமாட்டார், அவருக்கு வைஃபைக் கடவுச்சொல்லை மாற்றினால் போதும்.

சட்டம் இதில் ஏதாவது சொல்கிறதா?

உரிமையின்றிப் பிறர் கணினிக்குள் நுழைவது இலங்கையின் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி குற்றம். கடவுச்சொல் இல்லாத பகிர்வு என்றால் நுழைந்தவருக்கு உரிமை இருந்ததா என்ற வாதமே முதலில் எழும். இது என் கருத்து. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் முற்றிலும் வீட்டு நோக்கத்துக்கான தரவுகளுக்குப் பொருந்தாது. ஆனால் தாயின் டியூஷன் மாணவர்களின் பெயரும் பெற்றோரின் தொலைபேசி இலக்கமும் கட்டண விபரமும் வெறும் வீட்டுத் தரவுகள் என்று சொல்லிவிட முடியாது. அந்தக் கோப்புறையை அவருக்கு மட்டும் உரியதாக்குவது சட்டத்துக்கு முன்பே முறையானது.

யார் எந்தக் கோப்பைத் திறந்திருக்கிறார் என்று பார்க்க முடியுமா?

முடியும். 'கம்பியூட்டர் மேனேஜ்மென்ட்' பகுதியில் 'ஷெயார்ட் ஃபோல்டர்ஸ்' என்பதன் கீழ், பகிரப்பட்டுள்ளவை, அப்போது இணைந்திருப்பவர்கள், திறந்துள்ள கோப்புகள் ஆகிய மூன்று பட்டியல்கள் உள்ளன. முதற் பட்டியலை அவ்வப்போது பார்ப்பது பயனுள்ளது. எப்போதோ ஓர் அவசரத்துக்குப் பகிர்ந்துவிட்டு மறந்துபோன கோப்புறைகள் அங்கேதான் தெரியவரும். இந்தப் பட்டியல்கள் அந்த நேரத்தையே காட்டும், கடந்ததைக் காட்டா. நேற்று யார் அழித்தார் என்று அறிய வேண்டுமானால் யார் என்ன செய்தார் என்று குறித்துவைக்கும் தணிக்கைப் பதிவை முன்கூட்டியே இயக்கியிருக்க வேண்டும். அப்பதிவு மிக வேகமாகப் பெருகும் என்பதால், கடைக்கணக்கு போன்ற ஒரு கோப்புறைக்கு மட்டும், அழித்தல் என்ற ஒரு செயலுக்கு மட்டும் இயக்கினால் போதும்.